மடங்காத முட்டி

சுமித்ரா போய்விட்டாளா என்பதை லிஃப்ட் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கதவு சாத்தின சத்தத்தை நம்ப முடியாது, சாவியை மறந்தேன், தண்ணி பாட்டிலை மறந்தேன் என்று திரும்பி வருகிறவள். கிரில் கதவை இழுக்கிற சத்தம், அப்புறம் அந்த முனகல், கீழே இறங்குகிறது, சரி, போய்விட்டாள். இனி மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். அதற்குள் அந்த ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். வருவானா. வருகிறேன் என்றுதான் போனில் சொன்னான். மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வந்த பையில் அவனுடைய விளம்பரச் சீட்டு கிடந்தது, பெனடிக்ட், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி. அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன், திருட்டுச் சாமான் மாதிரி. பெற்ற மகளே பிசியோதெரபிஸ்டாக இருக்கும்போது வெளி ஆளை ஒளித்து வரவழைக்கிற அம்மா இந்த உறையூரில் வேறு எவளாவது இருப்பாளா. இருக்க மாட்டாள். இருந்தாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கால் மடங்கவில்லை, மடக்கும்போது உயிர் போகிறது. இந்த வலி எல்லாருக்கும் இவ்வளவுதானா, இல்லை இவள் எனக்கென்று தனியாகக் கூட்டித் தருகிறாளா. இது ஒன்றுதான் கேள்வி. காலையில் காபி குடிக்கும்போதும் இதுதான், கண்ணை மூடினாலும் இதுதான், பல்லில் சிக்கின நார் மாதிரி நாக்கு அங்கேயேதான் போகிறது.

வலி எனக்குப் புதுசில்லை. மற்றவர்களுடைய வலி. பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வாழ்நாள் முழுக்க அதற்கு நடுவில்தான் நின்றேன். புனிதவதி சிஸ்டர் டியூட்டி என்றால் வார்டில் சத்தம் இருக்காது என்று பெரிய டாக்டரம்மாவே சொல்வார்கள். கத்தினால் பிள்ளை வெளியே வந்துவிடுமா, கத்தாமல் முக்கு, இப்போது கத்துகிறாயே அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டியதுதானே. தொடையில் ஒரு அறை வைத்தால் மூச்சு ஒழுங்குக்கு வரும், பிள்ளை நழுவி வரும், அவளே மறுநாள் சாக்லேட் கொண்டுவந்து நீட்டுவாள். ஒருத்தியும் அதற்காகச் செத்துப் போகவில்லை. ஒருத்தி மட்டும் என் கையைக் கடித்தாள், லால்குடிப் பக்கத்துப் பெண், பல் பதிந்த தடம் இன்னும் கட்டை விரலடியில் இருக்கிறது. அவளைக் கடைசியாக வைத்துக் கவனித்தேன். வலிக்கட்டும் என்றுதான். அதற்கும் ஒரு அளவு வைத்துத்தான் செய்தேன், அவளுக்கு எவ்வளவு தாங்கும் என்று என் கைக்குத் தெரியும். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. கைக்கு அளவு தெரிந்தவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். சுமித்ராவின் கைக்கும் அளவு தெரியும். குட்டை ஸ்டூலைப் போட்டு என் கட்டில் ஓரத்தில் உட்காருவாள், குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொள்வாள், என் முகத்தையே பார்ப்பாள், பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லப் பின்னால் தள்ளுவாள். முட்டிக்குள் கண்ணாடியை வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன். சுவரில் காலண்டர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சரியாக, இனி ஒரு நூல் போனால் கத்திவிடுவேன் என்கிற இடத்தில், அங்கே நிறுத்துவாள். நிறுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு என்று இழுத்து இழுத்து எண்ணுவாள். தாண்டவும் மாட்டாள், விடவும் மாட்டாள். விளிம்பில் நிற்க வைக்கிறாள். அப்புறம், “போதும்மா இன்னிக்கு, நீ படு” என்று எழுந்து போய்விடுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒன்று இருக்கும், அது என்ன என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ருசியோ என்னவோ.

காரணம் இருக்கிறது என்று அவள் நினைக்கலாம். கல்யாணமாகி முதல் வருஷம் துறையூரிலிருந்து ஒரு நாள் மத்தியானம் பையோடு வந்து நின்றாள். முழுக்கைச் சட்டை மாதிரி ஜாக்கெட், அந்த வெயிலில். இழுத்துப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ஓரம் மஞ்சள் பாரித்த காயம், நாலைந்து நாள் ஆகியிருக்க வேண்டும், விரல் விரலாகத் தெரிந்தது. எலும்பு நெடுக அழுத்திக்கொண்டே போனேன், அவள் பல்லைக் கடித்தாள். எலும்புக்கு ஒண்ணுமில்ல என்றேன். வேறென்ன சொல்ல, எலும்புக்கு ஒன்றுமில்லைதான். சோறு போட்டேன், முட்டை வறுத்துப் போட்டேன், சாயங்காலம் நானே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்த் துறையூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தேன். “அனுசரிச்சுப் போ, எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்” என்றேன். ஜன்னலுக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள், பஸ் திரும்புகிற வரைக்கும். அப்புறம் அவளே ஒரு நாள் வேண்டாமென்று வந்தாள், கோர்ட்டு, கேசு, எல்லாம் முடிந்தது, விட்ட தொழிலைப் பிடித்தாள், கிளினிக் வைத்தாள். நான் அன்றைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருப்பாள். பட்டுத் தெரிந்ததால்தான் ஆளானாள். இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவளும் அந்தப் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறவர்கள்தான் வைத்திருப்பார்கள். இப்போது என் கால் அவள் கையில் இருக்கிறது.

மணி அடிக்கிறது. வந்துவிட்டான். இரு, இரு என்று இங்கிருந்தே சொன்னால் கேட்குமா, கேட்காது. வாக்கரைப் பிடி, நல்ல காலை முதலில் ஊன்று, இல்லை, வாக்கர், அப்புறம் ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால், சுமித்ரா ஆயிரம் தரம் சொன்னதுதான். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் இத்தனை தூரம் எப்போது ஆனது. கால் மரக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு வருகிறது, மடங்காததால் பக்கவாட்டில் அரை வட்டம் போட்டு இழுக்க வேண்டியிருக்கிறது, பொம்மலாட்டத்துப் பொம்மை. திரும்ப மணி. “வரேன்யா” என்று கத்துகிறேன். தாழ்ப்பாளை நீக்கினால் வெளியே ஒடிசலாக ஒருத்தன், முன் வழுக்கை, தோளில் பை, வியர்த்திருக்கிறான். “பெனடிக்ட்ங்கம்மா, போன்ல பேசினீங்களே” என்கிறான். நான் நடந்து வருவதைப் பின்னாலிருந்து பார்க்கிறான், அவன் பார்வை முதுகில் ஊர்கிறது, உச்சுக்கொட்டுகிறான். அந்த உச்சு எனக்குப் பிடிக்கவில்லை. “ஆபரேஷன் யார் பண்ணது, எந்தத் தேதி, சர்க்கரை இருக்கா, மாத்திரை போட்டுட்டீங்களா” என்று வரிசையாகக் கேட்கிறான். “போட்டாச்சு. நான் நர்ஸா இருந்தவ” என்கிறேன். “ஓ, அப்ப உங்களுக்கே எல்லாம் தெரியும்” என்று கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துக் காலைத் தொங்கப் போடச் சொல்கிறான். தையல் தழும்பைத் தடவிப் பார்க்கிறான், முட்டிச் சில்லைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கிறான், அது அசையவில்லை, சிமெண்டில் பதித்த கூழாங்கல் மாதிரி இருக்கிறது. அளக்கிற கருவியை வைத்துப் பார்க்கிறான். “எழுபது டிகிரி கூட மடங்கலையேம்மா. இந்நேரம் நூறு தாண்டியிருக்கணும். இதுவரைக்கும் யார் பார்த்தது?” ஒரு பொண்ணு வருது என்றேன். வாய் தானாக அப்படித்தான் சொன்னது, ஒரு பொண்ணு. பொய்யும் இல்லை.

“நான் ஒரு தரம் மடக்கிப் பார்க்கறேன், பார்த்தாத்தான் உள்ள என்ன நிலைமைன்னு தெரியும். கொஞ்சம் வலிக்கும், பல்லைக் கடிக்காதீங்க, கத்தணும்னா கத்துங்க” என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, யாரிடம் சொல்கிறான். இப்போது தெரிந்துவிடும். இவன் கொடுக்கிற வலி அவள் கொடுக்கிறதில் பாதியாக இருந்தால், அவள் கதை வெளிச்சமாகிவிடும், மதியம் அவள் வந்ததும் நேருக்கு நேராகக் கேட்கலாம், ஏண்டி பெத்தவளை இப்படிப் பழி வாங்குறியா என்று, அந்த வாக்கியத்தைப் பத்து நாளாக மெருகேற்றி வைத்திருக்கிறேன். அவன் ஒரு கையைத் தொடை மேல் வைத்தான். இன்னொரு கையால் கணுக்காலுக்கு மேலே பிடித்தான். பிடித்த பிடியே வேறு. தள்ளினான். காலண்டர் ஆணியைத் தேடினேன், அவள் நிறுத்துகிற இடம் வந்தது, இதோ, இங்கே நிறுத்துவான், நிறுத்தவில்லை, தாண்டிவிட்டான், ஆணி கிடைக்கவில்லை, சுவரே கிடைக்கவில்லை, முட்டிக்குள் புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒன்று பரபரவென்று கிழிந்தது, அந்த அறையில் எவளோ ஒருத்தி அலறினாள். சீ, யார் இவள், வாயைப் பொத்து என்று சொல்லப் போய் அது என் வாய் என்று தெரிந்தது. கத்தினேன். அம்மா என்று, ஐயோ என்று, டேய் விடுடா என்று. “கத்துங்க, பரவால்ல, கத்துங்க” என்று அவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே பிடித்திருந்தான், என் முகத்தைப் பார்க்கவே இல்லை, முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விட்டபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. சிறுநீரும் கொஞ்சம் போயிருந்தது, அவனுக்குத் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரிப் பையை மூடிக்கொண்டிருந்தான்.

“தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. உங்களுக்குப் பார்த்த பொண்ணு வேலை தெரியாத பொண்ணு இல்ல, பிடிமானமெல்லாம் சரியாத்தான் பழக்கியிருக்கு. ஆனா மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கு. நீங்க எங்க சுளிக்கிறீங்களோ அங்க நிப்பாட்டியிருக்கு. மூஞ்சியைப் பார்த்தா இந்த வேலை ஆகாதும்மா. உள்ள சதை ஒட்டிக்கிச்சு. இனிமே மயக்கம் குடுத்து டாக்டர்தான் மடக்கணும், அதுக்கப்புறம் திரும்ப முதல்லேர்ந்து. அதுலயும் முழுசா வரும்னு சொல்ல முடியாது, தாங்கித் தாங்கித்தான் நடப்பீங்க.” ஐஸ் வைக்கச் சொன்னான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “இதே உறையூர்ல சுமித்ரா மேடம்னு ஒருத்தங்க கிளினிக் வெச்சிருக்காங்க. பேஷண்டெல்லாம் ராட்சசின்னுதான் சொல்லுவாங்க, அந்தப் பிடி பிடிப்பாங்க. ஆனா ஒருத்தர் கால் நிக்காம இருந்ததில்ல. அவங்ககிட்ட போயிருந்தீங்கன்னா இந்நேரம் மாடிப்படி ஏறியிருப்பீங்க” என்றான். கேள்விப்பட்டிருக்கேன் என்றேன்.

ஐஸ் உருகித் துணி நனைந்து படுக்கையும் நனைகிறது. முட்டி புசுபுசுவென்று எழும்புகிறது, உள்ளே இன்னொரு இதயம் அடிக்கிற மாதிரி இருக்கிறது. ராட்சசி. எனக்குத் தெரியுமே, அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், ரிடையர்டு போலீஸ்காரர் ஒருத்தர் அவள் கையில் குழந்தை மாதிரி அழுதாராம், அடுத்த மாதம் மலைக்கோட்டை ஏறிவிட்டு வந்து பிரசாதம் கொடுத்தாராம். போலீஸ்காரருக்கு மடக்கினாள், எனக்கு மடக்கவில்லை. விளிம்பில் நிறுத்தவில்லை, விளிம்பைத் தாண்ட முடியாமல் நின்றிருக்கிறாள். இல்லை, இரு, அவசரப்படாதே. வேண்டுமென்றே செய்திருந்தால். முகத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்து, மெல்ல மெல்ல ஒட்ட விட்டு, இந்தக் கிழவி இனி வாழ்நாள் முழுக்க நொண்டட்டும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போக முடியாமல் கிடக்கட்டும் என்று. அப்படி இருக்கலாம். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, பழிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும், சண்டை போடலாம், நெஞ்சு நிறைய வெறுக்கலாம். ஆனால் எண்ணும்போது அவள் குரல் நடுங்குமே. அது களைப்பு என்று நினைத்தேன். எழுந்து போனதும் குளியலறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடுமே, கை கழுவுகிறாள் என்று நினைத்தேன். அது ருசி இல்லை. இரக்கம். இவள் என் மேல் இரக்கப்பட்டிருக்கிறாள். நினைத்தால் உடம்பு கூசுகிறது, அந்த ஆள் முன்னால் நனைந்ததைவிட அதிகமாகக் கூசுகிறது. யார் கேட்டது உன் இரக்கத்தை. வார்டில் நான் இரக்கப்பட்டிருந்தால் எத்தனை பிள்ளை மூச்சு முட்டிச் செத்திருக்கும். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தபோது இரக்கப்பட்டேனா, எலும்பைப் பார்த்தேன். எலும்பைப் பார்க்கத் தெரியாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் முட்டாள், கால் போய்விட்டது. என் கால். லிஃப்ட் முனகுகிறது. மேலே வருகிறது. வேண்டாம், சொல்ல வேண்டாம், விட்டுவிடலாம், டாக்டர் சொல்லும்போது தெரிந்துகொள்ளட்டும். கிரில் திறக்கிறது. சாவி.

“சாப்பிட்டியாம்மா, ரசம் சூடு பண்ணவா?” என்று கேட்டுக்கொண்டே வருகிறாள், கைப்பையை மேஜையில் வைக்கிறாள், போனை வைக்கிறாள். அறைக்குள் வந்ததும் நின்றாள். நேராக முட்டியில் கை வைத்தாள். “என்னம்மா இப்படிச் சுடுது? விழுந்தியா? எங்க விழுந்த, சொல்லு.” விழவில்லை என்றேன். வேற பிசியோவை வரச் சொன்னேன், மடக்கிப் பார்த்தான் என்றேன். அவள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தாள். “எதுக்கும்மா?” “நீ வேணும்னே வலிக்க வெக்கிறியான்னு தெரிஞ்சுக்க.” ஐஸ் துணியை நகர்த்திவிட்டு, “என்ன சொன்னார்?” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், மயக்கம் கொடுக்க வேண்டும் என்றது, முழுசாக வராது என்றது, மூஞ்சியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள் என்றது, ஒரு வார்த்தை விடாமல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கும் தெரியும்மா. ஒட்டிக்கிட்டு வருதுன்னு தெரியும். நாளைக்கு மடக்கிடலாம், நாளைக்கு மடக்கிடலாம்னுதான் இருந்தேன். மத்தவங்க கத்துவாங்க, நான் பாட்டுக்கு மடக்கிடுவேன். நீ கத்த மாட்டேங்கிற. சுவத்தைப் பார்த்துக்கிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்க, கண்ணுல தண்ணி மட்டும் வருது. எனக்குக் கை ஓட மாட்டேங்குதும்மா. வேற யார்கிட்டயாவது விட்டிருக்கணும். விடவும் மனசு வரல.” அழுகிறாளா, அழவில்லை, குரல் மட்டும் ஈரமாக இருந்தது. அவள் கை இன்னும் என் முட்டி மேல் இருந்தது, ஐஸ்ஸைவிட இதமாக இருந்தது, அதை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எடுக்காமல் இருக்க வேண்டும் என்றும் தோன்றியது. அந்தக் கையில்தான் அன்றைக்கு விரல் விரலாகக் காயம் இருந்தது. இப்போது தடமே இல்லை, வழவழவென்று இருக்கிறது. தலையைத் தொட்டிருக்கலாம், எட்டுகிற தூரம்தான். என் வாய் திறந்தது. “உன் புருஷன்கிட்ட அத்தனை நாள் இருந்தியே. கையை எப்படி அழுத்தணும்னு அவன்கிட்டயாவது கத்துக்கிட்டு வந்திருக்கலாம்.”

வாயை நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்கவில்லை. நிறுத்தியிருக்க மாட்டேன். அவள் கையை எடுத்தாள். எழுந்தாள். குளியலறைக்குப் போனாள், தண்ணீர் திறந்தது, உடனே மூடியது. வந்தபோது தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். குட்டை ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டாள். “காலைத் தொங்கப் போடுங்க” என்றாள். போனில் யாரிடமோ பேசுகிறாள் என்று நினைத்து அவள் காதைப் பார்த்தேன். காதில் ஒன்றும் இல்லை, போன் மேஜையில் கிடந்தது. “கிழிஞ்சது கிழிஞ்சிருக்கும்போதே மடக்கினாத்தான் உண்டு. திரும்ப ஒட்ட விடக் கூடாது. தொடையைத் தளர்த்துங்க” என்றாள். “சுமி” என்றேன். கணுக்காலுக்கு மேலே பிடித்தாள், இந்தப் பிடியை நான் பார்த்ததே இல்லை. தள்ளினாள். அவள் தினமும் நிறுத்துகிற இடம் வந்தது, போனது, அவன் விட்ட இடம் வந்தது, அதுவும் போனது. கத்தினேன், முதலில் கத்தக் கூடாதென்று அடக்கி அடக்கிக் கத்தினேன், அப்புறம் வெறுமனே கத்தினேன், “போதும்டி, சுமி, போதும்டி” என்று. எதிர் வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், குரல் நடுங்கவில்லை. என் முகத்தை அவள் பக்கம் திருப்பினேன், பார்க்கட்டும் என்று, ஒரு தரம் பார்த்தால் போதும் என்று, கழுத்து நரம்பு இழுக்க இழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண் முட்டியைவிட்டு அசையவில்லை.

“கொஞ்சம் ஒத்துழைப்பு குடுங்கம்மா” என்றாள்.